முப்பத்தேழு காட்டாத கண்ணாடி

மகன், ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஸலாமுக்குப் பதில் சொல்லுவது கடமை என்பதால் அதையாவது வாய்க்குள் சொல்லுவாய் என்று ஒரு நப்பாசை. போன வெள்ளிக்கிழமை நீ உம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவை, ஜும்ஆ முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்கு அவள் போட்டுக் காட்டினாள். "உம்மா, நான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். என்ட வேலச் சாமான் பெட்டிய ஆருக்காவது குடுத்திருங்க. எனக்கு இனி அந்த வேல வாணா." அவ்வளவுதான். வாப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. உம்மா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டு, "புள்ளட கொரல் மாறிப்பெய்த்து" என்றாள். 

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் பேசுகிற அழகு உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, அங்கே சூடு எப்படி, இந்தா உம்மாவிடம் கொடுக்கிறேன். மூன்று வருடமாக இதற்கு மேல் ஒரு வசனம் நான் பேசியதில்லை. தபாலில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன்னை நான் பழித்தது ஒரு முற்றம் நிறைந்த சனத்துக்கு முன்னால். அதை ஒட்டிய உறைக்குள் வைத்து ரகசியமாகத் திருப்பி எடுத்தால் அதுவும் ஒரு களவுதான். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஏறாவூரில் அந்த முற்றம் இருக்கிற ஒழுங்கையில், அந்தச் சந்துக்குள், பத்திரிகை வாசிக்கிறவர் ஒருவராவது இருப்பார், மற்றவர்களுக்கும் வாசித்துச் சொல்லுவார். நடந்தது தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

காத்தான்குடியில் மின்சாமான் திருத்தும் என் சிறிய கடையில் நான் முப்பது வருடமாகச் செய்த வேலையில் எனக்குப் பேர் வாங்கித் தந்தது தொழுகை நேரம் காட்டும் பலகைகள். பள்ளிவாசலின் உள்சுவரில் சிவப்பு எண்கள் எரியுமே, அவை. ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடு. எந்தக் கோடு எரிகிறது, எது அணைகிறது என்பதில்தான் ஒன்றும் எட்டும் வேறுபடுகின்றன. ஏழு கோட்டுக்கும் பொதுவாக ஒரு உலோகக் கால் இருக்கும். அந்தப் பொதுக்காலை மின்சாரத்தின் கழித்தல் பக்கத்துக்கு, நாங்கள் தரை என்று சொல்லுகிற பக்கத்துக்கு, ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் எண்கள் பளிச்சென்று எரியும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். எண்களை எரியவைப்பதில் எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன், அதுவும் நீ பாடம் நடத்த வராத வேளைகளில் கூட.

என் பிழையை இன்னொன்றின் தலையில் கட்டுவது எனக்குப் புதிய பழக்கம் அல்ல. உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், ஒரு நோன்பு மாதம். நான் செய்து கொடுத்த பலகை நாலு நிமிடம் முந்தி ஓடி, ஒரு பள்ளியில் ஜமாஅத் முழுவதும் நேரம் வருவதற்கு முன்பே நோன்பு திறந்துவிட்டது. அத்தனை பேரும் அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. முந்தி ஓடுகிற என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நான் நேரம் வைத்ததுதான் காரணம். விசாரிக்க வந்தவர்களிடம், கரண்ட் வந்து வந்து போனதால் பலகை குழம்பிவிட்டது என்றேன். பக்கத்தில் நின்ற நீ, "கரண்ட் போகல்லயே வாப்பா?" என்றாய். வந்தவர்கள் போனதும் உன் தொடையில் கிள்ளினேன். அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கே நீ என்னை அளந்துவிட்டாய் என்று இப்போது நினைக்கிறேன். அளக்கப்பட்டது தெரியாமல் நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்யலாம் என்பது உன் யோசனை. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். முட்டைகளுக்கு முப்பத்தேழு பாகை சூடு வேண்டும், கரண்ட் போனாலும் பெட்டி பற்றரியில் ஓட வேண்டும், ஆகவே சிவப்பு எண்கள் சரிவராது, அவை பற்றரியைக் குடித்துத் தீர்த்துவிடும், கல்குலேட்டரில் இருப்பது போல எல்சிடி கண்ணாடிதான் வேண்டும் என்றாய். ஒரு சிறிய சிப் சூட்டை அளந்து கண்ணாடியில் எண்ணாகக் காட்டும். அதற்கான புறோகிராமை நீ எழுதினாய். அந்தக் கண்ணாடியின் குணம் வேறு என்று எனக்கு எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். "வாப்பா, இது உங்கட சிவப்பு எல்ஈடி இல்ல. இதுக்குக் கரண்ட் ஒரே பக்கமா நிக்கப்படாது. பொதுக்காலும் கோடுகளும் செக்கனுக்குப் பல தரம் மாறி மாறி வரணும். நிண்டா உள்ளுக்கு இருக்கிற திரவம் பழுதாகி, கோடு ஒவ்வொண்டாச் செத்துப்போகும்." நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் போகவில்லை.

அந்த மாற்றி மாற்றிப் போடும் வேலையை எழுத உனக்கு இன்னும் ஒரு கிழமை தேவைப்பட்டது. அதுவரைக்கும் சூட்டை ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு அரைகுறைப் புறோகிராமை மூன்று சிப்பில் ஏற்றித் தந்தாய். "எண் மங்கலாத்தான் வரும், பரவாயில்ல, வெளிய மட்டும் குடுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுப் புளியந்தீவுக்குப் பரீட்சைக்குப் போனாய். எண்கள் மங்கலாகத்தான் வந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. பலகையைத் திருப்பினேன், பொதுக்காலைத் தேடினேன், முப்பது வருடமாக வைத்த அதே கம்பியை அதே இடத்துக்கு வைத்தேன். எண்கள் கும்மென்று கறுத்தன. கம்பி அசையாமல் இருக்க மேலே சூட்டுப் பசையும் ஊற்றினேன். படிக்காத கை படித்த மூளையை வென்றுவிட்டது என்று ஒரு கெட்ட சந்தோசம். பெட்டிக்காக ஆட்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நீ திரும்பி வருவதற்குள் மூன்றையும் கொடுத்துவிட்டேன். முழுப் புறோகிராம் இல்லாமல் ஏன் கொடுத்தீர்கள் என்று நீ கேட்டபோது, உன் மேசையில் இருந்த சிப்பைத்தான் போட்டேன், ஆட்கள் குறை சொன்னால் மாற்றலாம் என்று மழுப்பினேன்.

மகன், உனக்கு இனி என் புத்திமதி தேவைப்படாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். விளங்காத ஒன்றில் கை வைத்த உடனே அது முன்னையை விட நன்றாக வேலை செய்தால், அங்கேதான் பயப்பட வேண்டும். மங்கலாக இருந்த வரைக்கும் அந்தக் கண்ணாடி பிழைத்திருந்தது. நான் அதைக் கறுப்பாக்கினேன்.

மூன்றில் ஒரு பெட்டி ஏறாவூர் றஹீமா மாமிக்குப் போனது. புருசன் இல்லாத மனுசி, இரண்டு பெண்பிள்ளைகள். ஒழுங்கையில் உள்ள வீடுகளெல்லாம் தங்கள் கோழி முட்டைகளை அவரிடம் கொடுத்து வைப்பார்கள். பொரித்தால் குஞ்சு பாதிக்குப் பாதி. முதல் நாலைந்து தரமும் நன்றாகப் பொரித்தது. ஐந்தாம் மாதம் ஒருநாள் காலையில் கடைக்கு போன் வந்தது. "காக்கா, முப்பத்தொண்டு காட்டுது. முட்ட வெச்சிப் பதினாறு நாளாகுது. கையாலத் தொட்டுப் பாத்தாச் சூடாத்தான் இரிக்கி, ஆனா எண் எறங்கிக் கெடக்கு." நான் ஒரு வானொலியின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். "சூட்டுக் குமிழைத் திருகிக் கூட்டி விடுங்க தங்கச்சி. முப்பத்தேழு வாறவரைக்கும் கூட்டுங்க. சூடேற நேரம் எடுக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் கூட இல்லை அந்தப் பேச்சு.

நீ மத்தியானம் கடைக்கு வந்தாய். போகிற போக்கில் சொன்னேன். உன் முகம் போன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "வாப்பா, ரெண்டாவது எண்ணுல மேல் கோடு செத்தா, ஏழு ஒண்டு மாதிரித்தான் தெரியும். அது முப்பத்தேழு!" அதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டாய். மேல் கோடு செத்த அந்தக் கண்ணாடியில் முப்பத்தேழு என்று ஒருநாளும் வராது. வராத எண்ணைப் பார்த்துக்கொண்டு அந்த மனுசி குமிழைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். இடையில் வந்த எண்கள் வாசிக்க முடியாத கீறல்களாக இருந்தனவாம். நேரம் எடுக்கும் என்று நான் சொன்னேன் அல்லவா, அதை நம்பிப் பக்கத்து வீட்டில் மையித்துப் பார்க்க, துக்கம் விசாரிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்க்கும்போது நாற்பத்துநாலு, எந்தக் குறையும் இல்லாமல் தெளிவாக. நாலுக்கு மேல் கோடு தேவையில்லை. அறுபது முட்டை, உள்ளே கால் முளைத்து, இறகு முளைத்து இருந்தவை.

நான் முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தபோது மாலை அஸர் தொழுகைக்கு நேரம். முற்றத்தில் ஒழுங்கையே நின்றது. றஹீமா மாமி அழவில்லை. சட்டியில் ஒரு முட்டையை உடைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன காக்கா இது? உங்கட சாமான் எண்டுதானே நம்பிக் குடுத்தம்" என்றார்.  என் வாயில் வந்தது இதுதான்: "நான் என்ன செய்ற? பொடியன் எழுதின புறோகிராம்ல பிழ. நான் அப்பவே சொன்னன், கேட்டாத்தானே." நான் அப்போது ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நீ எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாய். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குனிந்து, பெட்டியின் வயரைச் சுற்றி எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டினாய். வழியில் கல்லடிப் பாலத்தில் உன்னை முந்திக்கொண்டு என் வண்டி போனது. நீ பக்கவாட்டில் கூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நீ அந்தப் பெட்டியோடு போராடினாய். பழைய சிப்பைக் கழற்றிவிட்டு உன் முழுப் புறோகிராம் ஏற்றிய சிப்பைப் போட்டால், செத்த கோட்டைத் தவிர எல்லாக் கோடும் ஒன்றாகக் கறுத்து, எண்ணே இல்லாமல் நின்றது. கண்ணாடியின் விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்தாய். அடியில் இருந்த றப்பர் பட்டியை மாற்றினாய். ஒவ்வொரு காலாக மீற்றர் வைத்துப் பார்த்தாய். புறோகிராமை முதலில் இருந்து மூன்று தரம் எழுதினாய். "சிப் சூடாகுது வாப்பா, ஏனெண்டு விளங்குதில்ல" என்றாய். சூடாகும், மகன். நீ மாற்றி மாற்றிப் போடச் சொன்ன காலை என் கம்பி தரையோடு பிடித்து வைத்திருக்கிறது. நீ எதை எழுதினாலும் அது ஓடாது. நான் முன் கடையில் இருந்துகொண்டு, வந்து போகிறவர்களிடம், "படிப்பு வேற, வேல வேற" என்று உன் காதில் விழச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை நீ என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய். "வாப்பா, இந்தப் பலகையில நீங்க ஏதாவது மாத்தினீங்களா?" நான் நிமிரவே இல்லை. "இல்ல" என்றேன். அன்று எனக்கு அந்தக் கம்பி உண்மையிலேயே ஞாபகத்தில் இருக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது சரியில்லை. ஞாபகம் வராமல் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.  "சரி வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த கிழமை கட்டாருக்கு ஆள் எடுக்கும் இடத்தில் பேரைப் பதிந்தாய். கடைசி வருடப் படிப்பை விட்டாய். நான் தடுக்கவில்லை. நல்லது, உலகம் படிக்கட்டும் என்றேன்.

நீ மருத்துவச் சோதனைக்குக் கொழும்புக்குப் போன அன்று, கடையில் தனியாக இருந்தபோது, அந்தப் பலகையைத் திருப்பினேன். பசையை உரித்தேன். என் கம்பி இருந்தது. அதைக் கழற்றிவிட்டுச் சுவிச்சைப் போட்டேன். உன் எண்கள் வந்தன, மகன். கடைக்குள் இருந்த சூடு, முப்பது தசம் நாலு, பூச்சியத்தின் மேல் கோடு மட்டும் இல்லாமல், மற்றக் கோடுகள் ஒவ்வொன்றும் ஆடாமல் அசையாமல். சிப்பில் விரல் வைத்துப் பார்த்தேன், குளிர்ந்து இருந்தது. நீ விமானம் ஏற இன்னும் ஐந்து நாள் இருந்தது. உனக்கு போன் எடுத்திருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறாவூருக்குப் போயிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கம்பியைத் திரும்ப அதே இடத்தில் வைத்து ஒட்டினேன். மேலே புதுப் பசையும் ஊற்றினேன்.  அறுபது முட்டைக்கு நான் காரணமானது அறியாமை. ஐந்து நாள் இருந்தும் உன்னை விமானம் ஏற விட்டது அறியாமை இல்லை.

நீ அங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுகிறாய் என்று உம்மா சொல்லுவாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். உனக்கு இந்த வேலை தலையில் ஏறாது என்று நீயே நம்பிவிட்டாய், அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான் என்றுதான் மூன்று வருடம் வெந்துகொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் கூட ஒரு வழி இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் நீ உன்னை நம்புவாய், ஒருவேளை திரும்பி வருவாய் என்று ஒரு மூலையில் நினைத்து வைத்திருந்தேன். போன சனிக்கிழமை, நீ சொன்னபடி யாருக்காவது கொடுக்க உன் சாமான் பெட்டியைத் திறந்தபோது அந்த வழியும் அடைபட்டது. அடியில் உன் கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் என்ன சோதித்தாய், என்ன வந்தது என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "பொதுக்கால் தரையோடு. வாப்பாட கம்பி, பசைக்குக் கீழ. கழட்டினா எல்லாம் சரி. திரும்ப வெச்சிட்டன், அவராச் சொல்லட்டும்." அதற்குக் கீழே, வேறு பேனையால்: "கேட்டன். இல்ல எண்டார்."

நீ கேட்டது பதில் தெரிந்த கேள்வி. எனக்கு நீ ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய், நான் தலையை நிமிர்த்தாமலே அதை அறைந்து சாத்தினேன். உனக்கு உன் வேலையில் சந்தேகமே இருக்கவில்லை. உனக்கு வேண்டாமல் போனது என் மேசை, என் கடை, நான்.

கொப்பியை வாசித்த கையோடு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன். றஹீமா மாமி இப்போது பெட்டியில் பொரிப்பதில்லை, அடைக்கோழிதான் வைக்கிறார். முற்றத்தில் கதிரை போட்டு இருக்கச் சொன்னார். கம்பியையும், போனில் நான் சொன்னதையும், உன் மேல் போட்ட பழியையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். கேட்டு முடித்துவிட்டு, "மகனுக்கு இது தெரியுமா காக்கா?" என்றார். "தெரியும். எனக்கு முந்தியே தெரியும்" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெரிஞ்சும் வாய் தொறக்காமப் போன புள்ள இனி வராது காக்கா." தேத்தண்ணி ஊற்ற எழும்பினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

ஆகவே உன்னை வா என்று கூப்பிட மாட்டேன், மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் பேர் தெரியாமலே சொல்லிக்கொள்கிறேன்: என் மகன் எழுதிய புறோகிராமில் ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை. கண்ணாடியைக் கெடுத்தது என் கை, முட்டைகளை வேகவைத்தது என் வாய். இவ்வளவுதான் விசயம், மகன். நீ இரண்டு முழம் தள்ளி நின்றபோது இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.